மேற்குப் பக்கத்துக் கயிறு

காட்டூரில் நம் தெருவில் பாவாடையும் அரை டிராயருமாக அலைந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இப்போது நமக்கெல்லாம் முழங்கால் வலி, சர்க்கரை, பேரன் பேத்தி என்று ஆகிவிட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடியைத் தேடுகிறோம். இதுவும் மறந்து போவதற்குள் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுத் தோட்டக்காரரை நாமெல்லாம் சேர்ந்து ஒரு பட்டப்பெயர் வைத்துக் கத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெயர் அவருக்கு உரியதல்ல. யாருக்கு உரியது என்று சொல்லத்தான் இத்தனை வயதில் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. தெருவில் மொத்தம் பதினோரு வீடுகள். மேற்கே ஒரு மறைப்பும் கிடையாது. கருவேலம் முளைத்த பொட்டல்தான். ஆனி பாதியில் காற்று ஆரம்பிக்கும். காலையில் சாதுவாக இருக்கும். பத்து மணிக்கு மேல் கொடித் துணியைப் பிடித்து உலுக்கும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் மண் நறநறக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. எங்கள் கோழிக்கூண்டின் தகரம் பறந்துபோய் ரிட்டயர்டு ரயில்வே கார்டு வீட்டுக் கிணற்றில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை எடுக்க அவர் பாதாளக்கரண்டியை விட்டுத் துழாவியபோது நாமெல்லாம் கிணற்றைச் சுற்றி நின்றோம்.

எங்கள் வீட்டில் காற்றைப் பற்றி விளையாட்டாகப் பேசக் கூடாது. அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் முசிறிக்காரர். வாழை போட்ட குடும்பம். அவருக்குப் பதிமூன்று வயதில், ஓர் ஆடி மத்தியானம், அரை விளைச்சலில் தார் தொங்கிக்கொண்டிருந்த தோட்டம் முழுதும் கிழக்கே பார்த்துப் படுத்துவிட்டது. அரை மணி நேர வேலை. அவருடைய அப்பா வரப்பில் உட்கார்ந்தவர் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லையாம். அதற்குப் பிறகுதான் அப்பாவைத் திருச்சியில் மாமா வீட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அப்பா படித்தார், ஆபீசில் ஹெட் கிளார்க் ஆனார், காட்டூரில் வீடு கட்டினார். முன்பக்கம் நல்ல அகலமாகத் தோட்டத்துக்கு இடம் விட்டார். ஆனால் அதில் ஒரு வாழைக்கன்றுகூட வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா இலைக்காக ஒன்றே ஒன்று கேட்டதற்கும் முடியாது என்றார்.

சாப்பிட எதையும் தராத, பார்க்க மட்டும் அழகான மரங்களாக அவர் வைத்தார். கேட்டின் இரண்டு பக்கமும் நெட்டிலிங்கம், கிணற்றோரம் ஒரு சரக்கொன்றை, மேற்கு மதிலுக்கு உள்ளே மே பிளவர் மரம். இந்த மே பிளவர்தான் அவருடைய செல்லம். எனக்குப் பத்து வயதான அந்தச் சித்திரையில் அது முதல் முறையாகப் பூத்தது. பச்சை தெரியாமல் பூத்தது. ஆபீசில் இருந்து சைக்கிளில் வருகிறவர் தெருமுனையிலேயே இறங்கி, மரத்தைப் பார்த்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். நாம் அதன் மொட்டைப் பிரித்துக் கேசரத்தைப் பிடுங்கி, தலையோடு தலை மாட்டி இழுத்துச் சேவல் சண்டை விட்டோம். தலை அறுந்தவர் தோற்றவர். விரலெல்லாம் புளிப்பு வாசனை அடிக்கும்.

தோட்டக்காரர் ஸ்ரீரங்கத்தில் இருந்து வருவார். அங்கே ஒரு நந்தவனத்தில் பல வருஷம் வேலை செய்தவர். நம் தெருவில் அவருக்கு மூன்று வீடுகள்: எங்கள் வீடு, எதிர்வீட்டு டீச்சர் வீடு, கார்டு வீடு. ஒன்றுவிட்டு ஒருநாள் வருவார். வேறு எங்கும் வேலை கிடையாது. அந்த மூன்று வீடுகள்தான் அவருடைய அடுப்பு. காவிரிப் பாலத்தைத் தாண்டி அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வருகிறவர், காற்றுக் காலத்தில், "வரும்போது காத்து தள்ளிவிடுது, போகும்போது புடிச்சு இழுக்குது, கணக்கு சரியாப் போச்சுங்கம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடிப்பார். கருத்த, உயரமான, தோள் ஒடுங்கிய மனிதர். சைக்கிளில் ஒரு பை தொங்கும். அதில் சின்ன அரிவாள், சாக்கு ஊசி, கிழிந்த சாக்குத் துண்டுகள்.

பூத்து முடியும் முன்பே அப்பாவுக்குக் கவலை வந்துவிட்டது. மரம் ஐந்து வருஷத்தில் விறுவிறுவென்று உயர்ந்திருந்தது. அடிமரம் என் இரண்டு கைக்குள் அடங்கும். மேலே குடை மட்டும் பெரிது. ஆடியில் இது தாங்காது என்று முடிவு செய்தார். காற்றைத் தடுக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வித்தை, வாழைக்கு முட்டுக் கொடுப்பது. காற்று மேற்கில் இருந்து வரும். அதனால் கிழக்கே ஒரு சவுக்குக் கம்பைச் சாய்த்து வாழையின் கழுத்தில் முட்டுக் கொடுத்து, அசையாதபடி இறுக்கிக் கட்டிவிட வேண்டும். அந்தக் கட்டை யாரும் அவிழ்ப்பதில்லை. தாரை வெட்டும்போது மரத்தையும் வெட்டிப் போட்டுவிடுவார்கள். கட்டு அதோடு போய்விடும். முசிறியில் பிறந்த கைக்கு அந்தப் பழக்கம்தான் தெரியும்.

அப்படியே செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்கே இரண்டு சவுக்குக் கம்பு முட்டு. காந்தி மார்க்கெட்டில் வாங்கிய புதுத் தேங்காய்நார்க் கயிறு, கை கனத்துக்கு. வடக்கே கிணற்றுத் தூணுக்கு ஒன்று, தெற்கே கேட் தூணுக்கு ஒன்று, மேற்கே மதிலில் பதித்த இரும்பு வளையத்துக்கு ஒன்று. மேற்குக் கயிறுதான் மொத்தத்தில் நீளம். காற்று வருகிற பக்கம் என்பதால் அதை இரட்டையாக மடித்துக் கட்டினார்.

மறுநாள் வந்த தோட்டக்காரர் மரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஒரு விரலைக் கயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"சார், இது வாழை இல்லைங்க."

"தெரியுதுய்யா."

"இது ஆடணுங்க. ஆடி ஆடித்தான் அடி பெருக்கும், வேர் புடிக்கும். கட்டிப் போட்டா மேல மட்டும் வளந்துக்கிட்டுப் போகும், அடி நோஞ்சானாவே நிக்கும்."

"ஆடி ஆடி விழுந்துச்சுன்னா? நீ வந்து தூக்கி நிறுத்துவியா?"

"கட்ட வேணாம்னு சொல்லலைங்க. கீழ கட்டுங்க, கொஞ்சம் தொளதொளன்னு விடுங்க. நடுவுல சாக்கு வச்சுக் கட்டுங்க. காத்து ஆரம்பிக்கிறதுக்குள்ள மேல நாலு கிளையைக் கழிச்சு விட்டா, காத்து பூந்து போயிடும். மரத்தைத் தள்ளாது."

"பூக்கிற மரத்துல கை வைக்கிறதாவது. சாக்கு எதுக்கு, மரத்துக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று அப்பா சிரித்தார். தோட்டக்காரரும் கொஞ்சம் சிரித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். ஆபீசில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவருக்கு, சாக்கு ஊசி வைத்திருக்கிறவர் சொல்வது காதில் ஏறவில்லை. இதை இன்று சொல்கிறேன். அன்று எனக்கும் அது நல்ல வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது.

வைகாசியில் அப்பா ஆபீஸ் வேலையாகப் பத்து நாள் மெட்ராஸ் போனார். நமக்குப் பள்ளிக்கூட லீவு. டீச்சர் வீட்டுக் கொல்லையில் பெரிய வேப்பமரம். அதன் கிழக்குக் கிளை ஊஞ்சலுக்கென்றே நீட்டியது போல் இருக்கும். பலகை டீச்சரே தருவதாகச் சொல்லிவிட்டார். கயிறுதான் இல்லை. யார் வீட்டிலும் கிணற்றுக் கயிற்றைத் தர மாட்டார்கள். நான்தான் சொன்னேன், எங்கள் வீட்டில் ஒன்று சும்மா இருக்கிறது என்று.

அம்மா மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் மேற்கு மதில் மேல் ஏறி முடிச்சை அவிழ்த்தேன். அவிழ மாட்டேன் என்றது. பல்லால்கூடக் கடித்தேன், நார் நாக்கில் ஒட்டியது, உப்புக் கரித்தது. உங்களில் ஒருத்தி கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யார் என்று சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவளுக்கே தெரியும். உங்களில் இன்னொருவன், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவன், வேம்பில் ஏறித் தனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டான். கயிறு எங்கிருந்து வந்தது என்று டீச்சர் கேட்கவில்லை. குழந்தைகள் கொண்டுவந்தால் வீட்டில் கேட்டுத்தான் கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைத்திருப்பார்.

முதல் நாள் ஊஞ்சல் கிரீச் கிரீச் என்று கத்தியது. பலகை ஒரு பக்கம் சாய்ந்து உங்களில் ஒருவன் விழுந்து முழங்கை தேய்ந்தது. இரண்டு நாள் கழித்துப் போனபோது சத்தமும் இல்லை, சாய்வும் இல்லை. யாரோ மேலே ஏறிச் சரியாகக் கட்டியிருந்தார்கள். டீச்சர் என்று நினைத்தோம். நினைத்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஊஞ்சல் ஆடியது, ஆடினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த பத்து நாள் வேறு இல்லை. கால் வானத்தில் படும். கீழே வேப்பம்பழம் மிதிபட்டு இனிப்பும் கசப்புமாக ஒரு வாசனை எழும்பும்.

அப்பா ஊரில் இருந்து வந்த அன்று ஆனி பிறந்திருந்தது. பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவவில்லை, காபி குடிக்கவில்லை. நேரே மரத்தடிக்குப் போனவர் மேற்கு வளையம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார்.

"கயிறு எங்கே?"

அம்மா சமையலறையில் இருந்து வந்து, "தோட்டக்காரர் அவுத்து விட்டிருப்பார்னு நினைச்சேங்க. மரம் ஆடணும்னு சொல்லிட்டிருந்தாரே" என்றாள். அம்மா ஒரு கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

தோட்டக்காரர் அப்போது சரக்கொன்றைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். அப்பா கூப்பிட்டார். அவர் மண் கையோடு வந்து நின்றார். நான் முன் அறை ஜன்னலில் நின்றிருந்தேன். ஜன்னல் கம்பியின் இரும்பு வாசனை இன்றும் எனக்கு அந்த நாளின் வாசனைதான்.

"கயித்தை நீதான் அவுத்தியா?"

"இல்லைங்க சார்."

"கயிறு போயி எத்தனை நாளாச்சு?"

"பத்து நாளைக்குக் கிட்ட இருக்குங்க."

"பத்து நாளா பார்த்துக்கிட்டு இருந்திருக்கே. வீட்டுல ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவுக்கலைங்கிறே. பார்த்தேங்கிறே. சொல்லவும் இல்லை. அப்ப யார்யா எடுத்தா?"

தோட்டக்காரர் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தன் கையில் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு, "தெரியலைங்க" என்றார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான். இரண்டு அடி கிடைத்திருக்கும், அழுதிருப்பேன், சாயங்காலம் அப்பாவே தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பார். அடிக்குப் பயந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. ஊஞ்சல் போய்விடுமே என்று பயந்தேன்.

"புதுக் கயிறு. எவனுக்கோ கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கிறே. நாளையிலேருந்து வர வேணாம்" என்றார் அப்பா. தோட்டக்காரர் கை கழுவினார். பாத்தி பாதியில் நின்றது. "மீதியைக் கட்டிட்டுப் போயிடவாங்க" என்று கேட்டார். அப்பா திரும்பி உள்ளே வந்துவிட்டார்.

அன்றைக்கே டீச்சர் வீட்டுக்கும் கார்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னார் அப்பா. தெருவில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. டீச்சர் வீட்டு முன்வாசலில் நின்று, கயிற்றைத் திருடிவிட்டான், எதற்கும் நீங்களும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதே வீட்டுக் கொல்லையில் அந்தக் கயிற்றில் நீங்கள் ஆடிக்கொண்டிருந்தீர்கள். அப்பா கொல்லைப் பக்கம் போகவில்லை. அடுத்த வீட்டுக் கொல்லைக்குப் போகிற பழக்கம் ஆண்களுக்கு அப்போது கிடையாது.

இரண்டு நாள் கழித்துத் தோட்டக்காரர் டீச்சர் வீட்டில் வைத்திருந்த தன் மண்வெட்டியை எடுக்க வந்தார். அப்போதுதான் நாம் கத்தினோம். கயிறு திருடன், கயிறு திருடன் என்று தெருமுனைவரை சைக்கிளுக்குப் பின்னால் ஓடினோம். யார் ஆரம்பித்தது என்று எனக்கு நினைவில்லை. உங்களோடு நானும் ஓடினேன், நானும் கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு அப்பா கயிறுகளை எல்லாம் எடுத்துவிட்டு இரும்புக் கம்பி வாங்கி வந்தார். திருட முடியாத பொருள் என்று அம்மாவிடம் சொன்னார். மரத்தின் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கி, மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினார். முறுக்கும்போது பட்டை லேசாக நசுங்கி ஈரம் கசிந்தது.

அந்த ஆடியில் மரம் அசையவே இல்லை. அதற்குப் பதிலாகக் கம்பி பாடியது. மத்தியானக் காற்றில் ஊம் என்று ஒரே ஸ்வரத்தில் மூன்று கம்பிகளும் முனகும். அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அரிசி புடைப்பாள். நான் வீட்டுப்பாடம் எழுதும்போது அந்தச் சத்தம் மேஜைக்குள் இருந்து வருவது போல் இருக்கும். அப்பா மட்டும் அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் பேப்பர் படித்தார். ஊஞ்சலுக்கு நான் அப்புறம் போகவில்லை. கேட்டவர்களிடம் தலை சுற்றுகிறது என்று சொன்னேன்.

மறு வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஸ்ரீரங்கம் போனோம், அம்மா மண்டபம் படித்துறைக்கு. காவிரியில் புதுத் தண்ணீர் செம்மண் கலரில் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அம்மா காதோலை கருகமணி வைத்துப் பூஜை செய்து காப்பரிசி கொடுத்தாள். நான் வாய் நிறைய மென்றுகொண்டு படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தபோது மேல்படியில் தோட்டக்காரர் நின்றிருந்தார். முடி வெளுத்தது போல் இருந்தது. கிட்டே வந்ததும்தான் அது உமித் தூசி என்று தெரிந்தது. மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குவதாக அம்மாவிடம் சொன்னார். பேசுவதற்குள் இரண்டு தடவை இருமினார்.

அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மரம் எப்படிங்க சார் இருக்கு?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"கம்பி போட்டிருக்கிறதா கேள்விப்பட்டேன். இந்த வருசமாச்சும் அவுத்து விட்டுடுங்க. பெருக்கிற மரம், கழுத்து நெரிஞ்சு போயிடும்."

"நேரமாச்சு, கிளம்பு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா படியேறினார். அம்மா கையில் மிச்சம் இருந்த காப்பரிசியை அவசரமாகத் தோட்டக்காரர் கையில் வைத்தாள். அவர் என்னைப் பார்த்து, "பாப்பா வளந்துடுச்சே" என்றார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டேன். மனுஷன் திருடன் என்று பெயர் வாங்கிப் போனபிறகும் மரத்தைத்தான் விசாரித்தார். அப்போது அது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஏன் இன்னும் எங்களை விட மாட்டேன் என்கிறார் என்று தோன்றியது.

கம்பிக்கு மேலே பட்டை உதடு பிதுங்கியது போல் வீங்கியது. கம்பி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போனது. அதன் மேல் பிசினும் எறும்புமாக இருக்கும். மரம் கம்பியை விழுங்கிவிட்டது, இனி கழன்றே போகாது என்று அப்பா பெருமையாகச் சொன்னார். கம்பிக்குக் கீழே அடிமரம் கம்பி கட்டியபோது இருந்த அளவிலேயே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில், ஆடி கடைசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அது ஒடிந்தது. பெரிய காற்றுகூட இல்லை. முந்தின வாரம் அடித்ததில் பாதிதான் இருக்கும். டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கம்பிகள் பாடுவது நின்று தெரு திடீரென்று அமைதியானது. குடை முழுதும் கிழக்கே சாய்ந்து, முட்டுக் கம்பு இரண்டையும் முறித்துக்கொண்டு கிடந்தது. யாருக்கும் அடியில்லை.

அப்பா ஓடி வந்தார். ஒடிந்த இடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கத்தியால் வெட்டியது போல் நேராக, கம்பி இருந்த இடத்தில் ஒடிந்திருந்தது. சுற்றி விரற்கடை அகலத்துக்குக் கறுப்பு வளையம், நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை மரம். அந்த வெள்ளையில்தான் அத்தனை பெரிய தலை இவ்வளவு நாளும் நின்றிருந்தது. அப்பா அந்தக் கறுப்பில் விரலை வைத்தார். வரப்பில் உட்கார்ந்த அவருடைய அப்பாவைப் போல அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில்தான் வாய் திறந்தேன்.

"அப்பா, கயித்தை நான்தான்ப்பா எடுத்தேன். டீச்சர் வீட்டு ஊஞ்சலுக்கு."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. விரலில் ஒட்டிய கறுப்பை மண்ணில் தேய்த்துவிட்டு, "இதை யாருகிட்டயும் சொல்லாதே. உள்ள போ" என்றார்.

சாயங்காலத்துக்குள் ஆள் வைத்து மரத்தை அறுத்து எடுத்தார். கம்பி இருந்த துண்டில் ரம்பத்தின் பல் இரண்டு போய்விட்டது என்று மரம் அறுத்தவர் புலம்பினார். அடிக்கட்டையையும் தோண்டி எடுத்து, குழியை மூடி, மேலே கனகாம்பரம் வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த மரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த வாரம் அப்பா தனியாக ஸ்ரீரங்கம் போனார் என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார் என்று இன்னொரு தடவை சொன்னாள். எது நிஜம் என்று தெரியாது. தோட்டக்காரர் திரும்ப வேலைக்கு வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன் என்று சொல்லலாம். பொய்யாக இருக்கும். குறை சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பெண் கடைசியில் வாய் திறந்தபோது அவளை மூடச் சொன்னவர் அவர். தெருவில் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டித் திருடன் என்று சொன்னவருக்கு, அதே இரண்டு கதவைத் தட்டி இல்லை என்று சொல்லக் கால் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அப்பா சொல்லாதே என்றார் என்பது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று.

நான் காலேஜில் படிக்கும்போது, பூக்காரம்மா ஒருநாள் அம்மாவிடம், உங்கள் பழைய தோட்டக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொன்னாள். உமித் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு மாதம் படுத்துக் கிடந்தாராம். திறந்த வெளியில் காற்றோடு சைக்கிள் மிதித்த மனிதர், மூச்சு விடக் காற்று போதாமல் போயிருக்கிறார். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் சாவு வீட்டுக்கு நாங்கள் யாரும் போகவில்லை.

இதுவரை உள்ளதை எப்போதாவது உங்களிடம் சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். ஆனால் போன தையில் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

டீச்சர் இன்னும் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் போகிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். சாமான்கள் எல்லாம் கட்டியாகிவிட்டது. சுவரில் மாதா படம் மட்டும் இன்னும் இறக்கவில்லை. கொல்லைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். வேப்பமரம் அப்படியே நின்றது. ஊஞ்சல் பேச்சு தானாக வந்தது.

"அந்தக் கட்டை நீங்கதானே டீச்சர் சரி பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நானா? எனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே மயக்கம் வரும். நம்ம தோட்டக்காரர்தான்மா. நீங்க கட்டின மறுநாள் வந்தார். கயித்தைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் நின்னார். 'இது எதிர்வீட்டுப் பாப்பா கட்டினதுங்களா'ன்னு கேட்டார். ஆமான்னேன். 'முடிச்சு சரியில்லைங்க, புள்ளைங்க விழுந்துடும்'னு சொல்லி ஏறி அவுத்து, கிளையில சாக்கைச் சுத்தி, மேல கயித்தைப் போட்டு இறுக்கினார். தொங்கிப் பார்த்துட்டுத்தான் எறங்கினார்." டீச்சர் சிரித்தார். "அதுக்கப்புறம்தான் திருடிட்டார்னு உங்கப்பா வந்து சொன்னார். எனக்கு நம்பவே முடியலை. ஆனாலும் நிறுத்திட்டேன். என்ன பண்றது, உங்கப்பா சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன்."

"அந்தக் கயிறுதான் டீச்சர் அது" என்றேன்.

டீச்சருக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொரு தடவை சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கிளையைப் பார்த்தார். துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "சேசுவே" என்று மட்டும் சொன்னார்.

நான் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி, இந்த முழங்காலோடு அதன் மேல் ஏறினேன். கிளை என் உடம்பளவு பருத்திருந்தது. அன்று கயிறு கட்டியிருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். எத்தனை குழந்தைகள், எத்தனை வருஷம் ஆடியிருப்பார்கள். ஒரு தழும்புகூட இல்லை.

அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். அப்பா கேட்டபோது அவர் தெரியாமல் 'தெரியலைங்க' என்று சொல்லவில்லை. அவருக்குப் பத்து நாளாகவே தெரியும். மூன்று வீட்டு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். இனி உங்கள் பேச்சில் அவர் வந்தால் அந்தப் பழைய பெயரைச் சொல்லாதீர்கள். கயிற்றைத் திருடியவள் நான். அவர் அதைப் பார்த்தார், நான் விழுந்துவிடக் கூடாது என்று முடிச்சை மாற்றிப் போட்டுவிட்டுப் போனார்.